நாலு உத்தரங்கள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பக்கத்தில் இருக்கும், மேலே கூரை போட்ட ஆறு பழைய மரப் பாலங்களையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மெரில் காட்வின்தான் வழிகாட்டி. பாலங்களுக்கு அவர்தான் தச்சரும். வயது அறுபத்தேழு. அன்று காலை ஆறாவது பாலத்துக்குள் நின்றபோது கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். குளிர்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய பொய்களை அவரே நம்புவதில்லை.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன், பழுது பார்க்கிறேன் என்று இந்தப் பாலத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டு, உள்ளே நாலு உத்தரங்களைக் கழற்றி நியூயார்க் வக்கீல் ஒருவருக்கு விற்றுவிட்டார். பாலம் கட்டிய 1840ஆம் வருஷத்து மரம் என்று எழுதியும் கொடுத்தார். வக்கீல் அதில் சாப்பாட்டு மேஜை செய்துகொண்டார். காலியான இடத்தில் மெரில் சொருகியது, தாத்தா கட்டிய மாட்டுத் தொழுவத்தைப் பிரித்து எடுத்த கட்டைகளை.

அன்றிலிருந்து வருகிற கூட்டத்துக்கெல்லாம் அந்த நாலையும் காட்டி, "தொட்டுப் பாருங்க, நூத்தியெண்பது வருஷச் சரித்திரம்" என்பார். ஒரு அம்மாள் கண் கலங்கி முத்தமே கொடுத்துவிட்டாள், மாடு முதுகு சொறிந்த மரத்துக்கு.

இப்போது மரத்தின் வயதைக் கணிக்கும் டாக்டர் ஆல்பி துளைக்கருவியோடு வந்திருந்தார். கூடவே ஷெரிப்பின் உதவியாளர் டக். போலீஸ் எதற்கு என்று மெரில் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. இந்த வயதில் ஜெயிலுக்குப் போனால், அங்கே யாருக்கு எதைச் சுற்றிக் காட்டுவது?

"ஆப்பிள் டோனட் சூடா இருக்கு டாக்டர். அஞ்சாவது பாலத்துல இப்பதான் வெளிச்சம் நல்லா விழும். அங்க போயிடலாமே?"

"நான் பாலம் பாக்க வரலைங்க. இந்த மரத்தைப் பாக்கத்தான் வந்தேன்."

வரிசையாகத் துளைத்துக்கொண்டே வந்தவர், அந்த நாலு உத்தரங்களுக்கு அடியில் வந்து நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன பெரியவரே, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றான் டக்.

"டோனட் ஒத்துக்கல."

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே."

டாக்டர் திரும்பினார். "மத்த உத்தரமெல்லாம் 1927 வெள்ளத்துக்கு அப்புறம் மாத்தினது. இந்த நாலு மட்டும்தான் அசல். 1840. பாலம் கட்டின தச்சனோட குறிகூட இருக்கு."

மெரிலுக்கு அப்போதுதான் விளங்கியது. வெள்ளம் பாலத்து உத்தரங்களை அடித்துக்கொண்டு போனபோது, ஆற்றோரத்துக்காரர்கள் மிதந்து வந்த கட்டைகளை இழுத்துப் போட்டுத் தொழுவம் கட்டிக்கொண்டார்கள். தாத்தாவும் அதைத்தான் செய்திருக்கிறார். ஆக, திருடப் போன மெரில் பாலத்தின் சொத்தைப் பாலத்துக்கே கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

சந்தோஷம் தாங்கவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"எனக்குத் தெரியாதா டக்? இந்தப் பாலத்துலேருந்து ஒரு துரும்பு வெளிய போனதில்ல. நான் இருக்கிற வரைக்கும் போகவும் போகாது. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன்."

"நிச்சயமாத்தானே?"

"சத்தியமா."

டக் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நிதானமாக விலங்கை எடுத்தான்.

"நியூயார்க் வக்கீல் புகார் குடுத்திருக்காரு பெரியவரே. அவர் மேஜை மரம் 1928ல வெட்டினதாம். இந்தப் பாலத்து அசல் உத்தரம்னு எழுதிக் குடுத்து, போலியைத் தலையில கட்டிட்டீங்களாம். அசல் இங்க இருக்கான்னு பாக்கத்தான் டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். இருக்கு. எதுவும் வெளிய போகலைன்னு நீங்களும் சொல்லிட்டீங்க."

வெள்ளத்துக்கு அப்புறம் மாட்டிய அந்த 1928 கட்டைகளை மெரில் இந்தப் பாலத்திலிருந்துதான் கழற்றியிருந்தார்.

தான் மோசடிக்காரன் இல்லை என்று நிரூபிக்க அவருக்கு இப்போது ஒரே ஒரு வழிதான் இருந்தது: தான் திருடன் என்று நிரூபிப்பது.