எதிர் நாற்காலி

"கையை ஊன்றாம எந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு நூர் நிஷா அடுத்தவரிடம் போனாள். முனியசாமி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எதிர் நாற்காலியில் அவருடைய அண்ணன் மலையாண்டி அதற்கு முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி ஹால் அது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, அதற்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கு அங்கே உடற்பயிற்சி. ஊசி நோயை அடக்கும், கூடவே தசையையும் கரைக்கும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் நூர் நிஷா பிரஷர் பார்த்து, பக்கத்தில் நின்று செய்ய வைப்பாள்.

ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து முனியசாமிக்கு எதுவும் உறைக்கவில்லை. மிளகாய் மூட்டை தூக்கிய கை தொளதொளத்துப் போனது, மார்பு வீங்கியது, அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று போன் வந்தபோது, சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போனதோடு, இனிப் போகமாட்டேன் என்று மனைவி கருத்தம்மாளிடம் சொல்லிவிட்டார். ஊசியும் வேண்டாம் என்றார். அவள் அழுது பார்த்தாள், மகனை விட்டுப் பேசிப் பார்த்தாள். கடைசியில், வேண்டாம் என்பதைப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பிள்ளையிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். அதைச் சொல்லத்தான் முனியசாமி முதுகுளத்தூரில் பஸ் ஏறினார்.

ஹாலுக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் மலையாண்டி உட்கார்ந்திருந்தார்.

இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆயிற்று. அய்யா காலமானதும், பொதுக் கிணற்றில் யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த சண்டை, போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போவதில்லை.

கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் வந்துவிட்டது போல. அண்ணனை அங்கே பார்த்ததும், பல மாதங்களுக்குப் பிறகு முனியசாமிக்குள் ஏதோ ஒன்று அசைந்து கொடுத்தது. வருத்தமில்லை. திருப்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

வரமாட்டேன் என்று சொல்ல வந்தவர், எதிரே காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. ஊசியும் போட்டுக்கொண்டார். ஒரே பஸ்ஸில் அண்ணன் டிரைவருக்குப் பின்னாலும் தம்பி கடைசி சீட்டிலும் உட்கார்ந்து வருவார்கள். ஹாலில் அண்ணன் ஒரு டம்பெல்லைத் தூக்கினால், தம்பி அதைவிடக் கனமானதைத் தேடி எடுப்பார். நூர் நிஷா அதட்டித்தான் இருவரையும் நிறுத்த வேண்டியிருந்தது.

ஊசி போட்ட உடம்பு திடீர் திடீரென்று தகிக்கும். எல்லோரும் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே போய் நிற்பார்கள். மலையாண்டி மட்டும் குளிருகிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டு, ஃபேனைக் குறைக்கச் சொல்வார். ஊரே கிழக்கே போனால் அந்த ஆள் மேற்கே போவார், பிறவிக் குணம் என்று முனியசாமி நினைத்துக்கொள்வார்.

மழைக்காலம் முடிவதற்குள் முனியசாமியின் கால் தேறிவிட்டது. கம்பியைப் பிடிக்காமல் படியேறினார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நோயும் அடங்கியிருக்கிறது என்றார். முனியசாமி அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு ஒரு நாள் எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அடுத்த முறையும் அப்படியே.

முனியசாமிக்கு அன்று டம்பெல் ஏறவில்லை. பாதியில் கீழே வைத்துவிட்டு, நூர் நிஷாவைக் கூப்பிட்டார்.

"அந்த ஆளு ஏன் வரல?"

"அத நீங்களே அவங்க வீட்ல போயிக் கேளுங்கய்யா" என்றாள்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டால் படுத்த படுக்கைதான் என்று அந்த ஹாலில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வழக்கம்போலக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் யார் யாரோ ஏறி இறங்கினார்கள்.

ஊரில் இறங்கியதும் அவருடைய கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மேலத்தெருவுக்குப் போனது.

வாசலில் மிளகாய் வற்றலைக் குவித்துக்கொண்டிருந்த மதினி பூமயில், அவரைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தாள். உட்காரச் சொன்னாள். அந்த ஹாலில் எதையோ வீம்புக்குத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றும், எண்ணெய் தேய்த்துவிட்டதில் இப்போதுதான் கண்ணசந்திருக்கிறார் என்றும் சொன்னாள்.

முனியசாமி நம்பவில்லை. உள்ளே கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த உருவத்தையே பார்த்தார். ஊசி போட்டதிலிருந்து வராத அழுகை அவரைக் கேட்காமலே வந்தது.

"மறைக்காதீக மதினி. அண்ணனுக்கு நோவு முத்திருச்சா? அடுத்த ஊசி எப்ப?"

பூமயில் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"அவருக்கு ஏது நோவு? ஒங்களுக்குத் துணைக்குல்ல வந்தாரு."