பின்னமான சிலை

சிரித்துக்கொண்டே சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்த பிறகு, மனசுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று என் கணவர் கதிரேசன் என்னைத் தெற்கு ஸ்பெயினுக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே பைன் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் ஒரு சிற்பப் பூங்கா. அதில் ஒரு கல் பெண்ணுக்கு ஒரு பக்கம் தோளும் மார்பும் இல்லை.

“பின்னமான சிலை. நம்ம ஊர்ல இதுக்குப் பூஜை கிடையாது,” என்றார்.

“அப்புறம் என்ன பண்ணுவாங்க?”

“கடல்ல போட்டுட்டு வேற வைப்பாங்க.”

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“வேற பாத்து வச்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கார் நின்ற இடம்வரை நான் பின்னால் போனேன்.

அடுத்த ஆண்டு அவர் மறுமணம் செய்துகொண்டார். நான் காரைக்குடியில் தனியாக இருக்கிறேன். நோய் திரும்பவில்லை.