எழுந்திருக்காத விண்டோ

கம்ப்யூட்டரில் குழந்தைகள் படம் வரைவதற்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. அதைப் பழைய கம்ப்யூட்டர் மொழியிலிருந்து புது மொழிக்கு மாற்றி எழுதினார்கள். ஒரு வரி விடாமல் மாற்றியும், இரண்டு தடவை தொடங்கும்போதே ஓடாமல் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவையும் விழுந்தால் மொத்தத்தையும் அழித்துவிடுவதாகப் பேச்சு.

மூன்றாவது தடவை முதலில் ஓடிவந்த சிவப்புப் பட்டனுக்குக் கால் வைக்க இடமில்லை. பட்டன்களையெல்லாம் தாங்கித் திரையில் விரிய வேண்டிய விண்டோ சுருண்டு படுத்திருந்தது.

"அக்கா, நீங்க விரிஞ்சாத்தானே நான் நிக்க முடியும்? இன்னுமா தூக்கம்?"

"என்னை யாரும் கூப்பிடலையே," என்றது விண்டோ.

"பழைய மொழியில மட்டும் யார் கூப்பிட்டாங்களாம்?"

"தெரியலையே. கண்ணு முழிச்சா விரிஞ்சு நின்னுட்டிருப்பேன். நானாத்தான் எழுந்திருக்கேன்னு நினைச்சேன்."

"பெரிய மகாராணி! அப்ப இப்பவும் நீங்களே எழுந்திரிங்க."

விண்டோ முயன்று பார்த்தது. ஒரு ஓரம்கூட அசையவில்லை. "எப்படின்னு தெரியலடா," என்றது, அழுகிற குரலில்.

பழைய மொழியில் யாரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தினமும் அதை எழுப்பியிருக்கிறார். அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் மாற்றி எழுதும்போது கூட்டிவரவும் இல்லை.

பட்டன் சுற்றுமுற்றும் பார்த்தது. வேறு யாரும் இல்லை. தன் வேலை இல்லையென்றாலும், "விண்டோ அக்கா, எழுந்திருங்க!" என்று கத்தியது.

விண்டோ விரிந்தது. பட்டன் அதன் மூலையில் ஏறி நின்றது. புரோகிராம் விழவில்லை.

"நாளைக்கும் நீதானே எழுப்புவே?" என்று கேட்டது விண்டோ.

"எழுப்புறேன் அக்கா," என்றது பட்டன். பிறகுதான் அதற்குத் திக்கென்றது. இன்றைக்குத் தன்னை எழுப்பியது யார்?