பூக்கட்டிப் பார்த்தது

கப்பலில் போவது என்று முடிவாகி மூன்று வாரமாகியும், எந்தக் கடலுக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. பனிமலை உடைந்து கடலில் விழுகிற சத்தத்தை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் பூரணிக்கு. அவள் கணவர் நெல்லையப்பனுக்கோ ஏதாவது ஒரு தீவில், வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பளவு நின்றால் போதும். குளிர் என்றாலே அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். இந்த வயதில் இரண்டாவது கப்பல் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

கடைசியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். வெள்ளைப்பூ வந்தால் பனி, சிவப்பு வந்தால் தீவு. பூரணிதான் பூப்பறித்து வந்து, காகிதத்தில் ஒரேமாதிரி இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். இரண்டிலும் செவ்வரளிதான். அவருடைய முழங்காலை நினைத்துச் செய்த திருட்டு, சாமி பொறுத்துக்கொள்ளும்.

நெல்லையப்பன் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பிரித்தார். மறுபடி அவள் பக்கம் திரும்பியபோது வலது உள்ளங்கையில் நந்தியாவட்டை இருந்தது.

"சாமி சொல்லிட்டாரு, பூரணி. பனிதான்."

அவள் குனிந்து பூவைப் பார்த்தாள். வெள்ளை இதழ்களின் ஓரம் வாடியிருந்தது. காலையிலேயே பறித்ததாக இருக்க வேண்டும். அவருடைய இடது கை இறுக மூடியிருந்தது.

"அந்தக் கையில என்னங்க?"

ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார் நெல்லையப்பன். "இப்பவே குளிருது."