நிலவறை காய்கிறது

விரலால் தொட அவளுக்குத் துணிவில்லை. தோசை திருப்பும் தட்டகப்பையைத் தாளுக்கடியில் செருகி, மெல்ல நெம்பினாள்.

பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக் கிடந்த கடிதம் ஒரு மூலையில் மட்டும் விட்டுக்கொடுத்தது.

பக்கத்தில் அமலதாஸ் மூச்சுவிடாமல் நின்றான். முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டை. கையில் தலைமயிர் காயவைக்கும் கருவி. அதைப் போடுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் ஞாயிறு காலை கொட்டிய மழையில், நிலவறைத் தரையிலிருந்த வடிகால் குழி தண்ணீரை உள்ளே இழுக்கவில்லை. மேலே தள்ளியது.

இரண்டு நாளாக இருவரும் இறைத்தார்கள். கம்பளத்தைக் கத்தியால் கீறிச் சுருட்டி, படிவழியே இழுத்துப்போய் வெளியே போட்டார்கள். ஊறிப்போன சுவரை ஒரு முழ உயரத்துக்கு வெட்டி எடுத்தார்கள். மேல்மாடியிலிருந்து வயர் இழுத்து நான்கு மின்விசிறிகளை ஓடவிட்டார்கள்.

சாக்கடை வாடை போவதாயில்லை.

ஒன்றரை வருடமாக அவன் அவள் வீட்டின் இந்த நிலவறையில்தான் வாடகைக்குக் குடியிருக்கிறான்.

வியாழக்கிழமை அவனுடைய அகதி விசாரணை. இன்று செவ்வாய்.

கட்டிலுக்கடியில் பெட்டியிலிருந்த ஆவணங்களை நேற்றே கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டார்கள். அவற்றின் பிரதிகள் வழக்கறிஞரிடம் இருக்கின்றன. இந்தக் கடிதத்துக்கு மட்டும் பிரதி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். கிழிந்துவிடும் என்ற பயத்தில் இன்றுவரை தொடாமல் விட்டிருந்தார்கள்.

ஊரில் இராணுவம் அவனை வீட்டிலிருந்து இழுத்துப்போனதைக் கண்ணால் கண்ட பங்குத்தந்தை, தன் கைப்பட எழுதிய கடிதம்.

எழுதிய மறுமாதம் அவர் இறந்துபோனார்.

மழைக்கு முன், போன கிழமை அமலதாஸ் மேலே வந்து, வடிகாலில் குமிழி விடுகிறது என்று சொன்னான். பார்க்கலாம் என்றாள். பார்க்கவில்லை.

இந்த இரண்டு நாளில் அவன் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தொலைபேசி அடித்தது. கைகள் ஈரம். ஒலிபெருக்கியில் போட்டாள். வேலைத்தலத்திலிருந்து கணவன்.

"நாலு மணிக்கு இன்சூரன்ஸ்காரன் வாறான். அதுக்கு முதல் அந்தப் பெடியன்ர கட்டில், சாமானெல்லாத்தையும் கராஜுக்குள்ள போடு. கீழ ஆரும் இருக்கேல்லை எண்டு சொல்லு. வாடகைக்கு விட்டது தெரிஞ்சா ஒண்டும் தரமாட்டாங்கள். விளங்குதே?"

"ம்."

மணி மூன்றரை.

தாள் முழுதாகக் கழன்று வந்தது. மேசையில் விரித்த துவாயில் வைத்தாள்.

முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. நடுவில், அவனைக் கொண்டுபோன திகதி எழுதியிருந்த இடத்தில், ஒரு நீலக் கறை. ஆண்டும் மாதமும் தெரிந்தன. நாள் கரைந்துவிட்டது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

அவன் ஒரு பேனாவை நீட்டினான்.

"அக்கா, நீங்கள் எழுதிவிடுங்கோ. என்ர எழுத்து பொருந்தாது. ஒரு இலக்கம்தானே."

வாங்கினாள்.

ஒரு இலக்கம்தான். மையும் நீலம்தான்.

குனிந்தாள். முனை தாளுக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றது.

விசாரணையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு ஃபாதர் எழுதிய ஒரு வரியையும் நம்பமாட்டார்கள்.

பேனாவை மூடினாள்.

"வேண்டாம், தம்பி. இதை எழுதினா மிச்சம் முழுக்கப் பொய்யாப் போயிடும்."

 அவன் திருகுசாவியை எடுத்துக் கட்டிலின் மரைகளைக் கழற்றத் தொடங்கினான்.

"அண்ணை சொன்னது கேட்டது, அக்கா. நான் எல்லாத்தையும் கராஜுக்குள்ள போடுறன்."

ஒவ்வொரு மரையாகக் கழன்றது. கழற்றியதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவள் கடிதத்தின் பக்கத்திலேயே நின்றாள்.

வாசல்மணி அடித்தது. நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கட்டிலின் தலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு அவன் பாதிப் படியில் நின்றுவிட்டான். வாசலில் ஆள் நிற்க, கராஜுக்குப் போக வழியில்லை.

"அதைக் கீழ வையுங்கோ," என்றாள்.

வந்த காப்புறுதிக்காரன் கறாரான ஆளாகத் தெரிந்தான். சுவரைப் படம் எடுத்தான். வடிகால் குழியைப் படம் எடுத்தான். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை மணிக்கு ஏறியது என்று கேட்டுக் கேட்டு எழுதினான். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். அமலதாஸ் வெட்டிய சுவரோரம் ஒதுங்கி நின்றான், தான் அங்கே இல்லாதவன்போல.

கடிதத்திலிருந்த நாளை வெள்ளம்தான் அழித்தது என்று விசாரணையில் அவன் சொல்லலாம். சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்தக் காப்புறுதிக்காரன் எழுதினால் நம்புவார்கள்.

ஆங்கிலத்தில் சொற்களைத் தேடிப் பொறுக்கினாள். மேசையைக் காட்டினாள்.

இதையும் படம் எடுங்கள். ஞாயிறு வந்த தண்ணீரில் நனைந்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.

அவன் கடிதத்தைப் பார்த்தான். கொடியில் ஆடிய தாள்களைப் பார்த்தான். பாதி கழற்றிய கட்டிலைப் பார்த்தான்.

யாருடையது, என்று கேட்டான்.

தொலைபேசி மறுபடி அடித்தது. திரையில் கணவனின் பெயர். அவள் எடுக்கவில்லை.

"இவருடையது," என்றாள். "இவர் இங்கேதான் குடியிருக்கிறார்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

காப்புறுதிக்காரன் ஒரு புதிய தாளைப் புரட்டினான். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றான்.

அமலதாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவரைவிட்டு முன்னே வந்து, முதல் எழுத்தைச் சொன்னான்.