வீட்டுக்குள் ஊர்வலம்

வண்டிப் புகையைக் குறைப்பதற்காக, அயர்லாந்தின் டப்ளினில் மார்ச் மாதம் வரும் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தை அவரவர் வீட்டுக்குள்ளேயே நடத்தச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் நடக்க வேண்டும். ஊர்வலம் முடியும்வரை மற்றவர் பார்த்துக் கைதட்ட வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து வந்த நர்ஸ் ஜெசிந்தாவுக்கு இரவு வேலை. கணவன் இக்னேஷியஸுக்குப் பகல் வேலை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

திருநாளன்று எல்லோரும் பச்சை உடுத்துவது வழக்கம் என்பதால், அவள் பழைய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஹாலை நோக்கி நடந்தாள். சோபாவில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் பாதியில் நிறுத்தினான்.

“ஏன் நொண்டுற?”

“நவம்பர்ல ஆஸ்பத்திரிப் படியில விழுந்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சீட்டுல எழுதி ஒட்டியிருந்தேன். நீங்க டிக் போட்டிருந்தீங்க.”

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“உக்காந்து கைதட்டுங்க. ஊர்வலம் இன்னும் முடியல.”