மூன்றாவது ஜோடி

“இது சாக்ஸா, மாவுக்கட்டா? விரல் அஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு!”

டெய்லர் மாஸ்டர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கம்பளி சாக்ஸை உருவி எறிந்தார். அது தையல் மெஷின் மேல் போய் விழுந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாக்ஸ்காரம்மா அசரவில்லை. “போன ஜோடி தொளதொளன்னு இருக்குன்னீங்க. அதான் இறுக்கினேன்.”

“அதுக்காக? முப்பது வருஷம் டேப் பிடிச்சவன்மா நான். ஒரு நூல் தப்பினாலும் என் உடம்பு எரியும்!”

மாஸ்டர் ஏணியிலிருந்து விழுந்து நாலு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. “இந்த மாசத்துக்குள்ள எழுந்து நிக்கலேன்னா, அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலிதான்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் பிசியோதெரபிக்கு வந்த இரண்டு பேரையும் மாஸ்டர் கத்தரிக்கோலை ஆட்டியே விரட்டிவிட்டார். “என் காலைப் பத்தி எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்!”

கால் சில்லிட்டுப் போகிறது, கம்பளி சாக்ஸ் பின்னித் தருவார் என்று சொல்லி, மனைவிதான் இந்தம்மாவைக் கூட்டிவந்தாள்.

“மறுபடி அளவெடுக்கணும் மாஸ்டர். எழுந்திரிங்க.”

“போன வாரம்தானே எடுத்தீங்க?”

“பத்து எண்றதுக்குள்ள பொத்துன்னு உக்காந்துட்டீங்க. முழு பாரமும் இறங்கினாதான் பாதம் விரியும். நீங்க ஆளைப் படுக்க வெச்சா பேன்ட்டுக்கு அளவெடுப்பீங்க?”

கேள்வி சுருக்கென்று தைத்தது.

“விடுங்க, பாவம். இந்தம்மாவால ஆகாது. கடையிலயே வாங்கிக்கலாம்” என்றாள் மனைவி கதவோரமாக.

“கடை சாக்ஸா? ஒரு டெய்லர் கால்லயா? வாயை மூடு!”

மாஸ்டர் மெஷின் விளிம்பைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. ஆனாலும் எழுந்தே விட்டார்.

சாக்ஸ்காரம்மா மண்டியிட்டு டேப்பை எடுத்தாள். குதிகாலைச் சுற்றினாள். கணுக்காலை அழுத்தினாள். எதற்கோ முழங்காலையும் தொட்டுப் பார்த்தாள். வாய் மட்டும் முணுமுணுத்தது. “இருபத்தொண்ணு... இருபத்திரண்டு...”

“என்னத்தை எண்றீங்க?”

“எத்தனை கண்ணி போட்டுப் பின்னணும்னு கணக்குப் போடறேன். ஆடாதீங்க. முப்பது...”

மாஸ்டர் கீழே பார்த்தார். ரத்தம் கொதித்தது. “அடக் கடவுளே! டேப்பை அறுபது பக்கத்துலேர்ந்து பிடிச்சிருக்கீங்களே! கொடுங்க இப்படி!”

மெஷினை விட்ட கைகள் இரண்டும் டேப்பைப் பிடுங்கின. “இங்க பாருங்க, ஒண்ணு இந்தப் பக்கம்! இதைக் குதிகால்ல வெச்சு, இப்படி இழுக்காம, தளர விடாம...”

பாடம் நீண்டுகொண்டே போனது. தான் எதையும் பிடிக்காமல் நிற்பது அவருக்கு உறைக்கவில்லை. கதவோரம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தொண்ணூறு. போதும், உக்காருங்க” என்றாள் சாக்ஸ்காரம்மா.

“அடுத்த வாரமும் சொதப்பினீங்க, ஊசியைப் பிடுங்கி நானே பின்னிக்குவேன். சொல்லிட்டேன்!”

வாசல் வரை வழியனுப்ப வந்த மனைவி, உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவருக்குச் சரியா நான் பின்னின முதல் ஜோடி பீரோவுலயே தூங்குது மேடம். அடுத்த வாரத்துக்கு எவ்வளவு தப்பாப் பின்னட்டும்?”

“குதிகால்ல மட்டும் நல்லாத் தொளதொளன்னு விடுங்க. கழண்டு விழுதான்னு பார்க்கணும்னு சொல்லி, பத்தடி நடக்க வெச்சிடறேன்” என்றாள், அந்த வீட்டில் விரட்டப்படாத மூன்றாவது பிசியோதெரபிஸ்ட்.